கொரிய மரபு மருத்துவத்தின் உடலியங்கியல்: எதை அளப்பது, எதை விடுவது

தென் கொரியாவில் மரபு மருத்துவம் படிக்கச் சேரும் மாணவருக்குச் சிறுநீரகம் இரண்டு விதமாக அறிமுகமாகிறது. நவீன உடலியங்கியல் வகுப்பில் அது ரத்தத்தை வடிகட்டுகிறது, உப்பையும் நீரையும் சமன்செய்கிறது, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. மரபு உடலியங்கியல் வகுப்பில் அதே சிறுநீரகம் பிறவியோடு வந்த உயிர்ச்சத்தைச் சேமித்து வைக்கிறது; எலும்பையும் மஜ்ஜையையும் ஆள்கிறது; அதன் வாசல் காது; அதற்குரிய உணர்ச்சி அச்சம். இரண்டுமே பாடத்திட்டத்தில் உண்டு. 'ஹானுய்சா' எனப்படும் மரபு மருத்துவர் ஆவதற்கான அரசு உரிமத் தேர்வில் மரபு உடலியங்கியல் ஒரு தனிப் பாடம். ஆறு ஆண்டுகள் இந்த இரண்டு சிறுநீரகங்களையும் சுமந்துகொண்டு படிக்கும் மாணவர், இவை ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பது கடினம்.

ஏதோ ஓரத்தில் நடக்கும் வைத்தியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 11 தனியார் கல்லூரிகளும் பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புப் பள்ளி ஒன்றுமாக 12 இடங்களில் இந்தப் படிப்பு நடக்கிறது. உரிமம் பெற்றவர்கள் 20,000 பேருக்கும் மேல். 1987 முதல் அக்குபஞ்சரும் குறிப்பிட்ட சில மூலிகை மருந்துகளும் தேசியச் சுகாதாரக் காப்பீட்டுக்குள் இருக்கின்றன. 2019 ஏப்ரலில் 'சுனா' என்ற எலும்பு-தசைக் கைச் சிகிச்சையும் சேர்ந்தது. 2020 நவம்பரில் முகவாதம், பக்கவாதத்துக்குப் பிந்தைய கோளாறுகள், மாதவிடாய் வலி ஆகியவற்றுக்குக் கொடுக்கும் கஷாயத்துக்கும் சோதனை முறையில் காப்பீடு தொடங்கியது. பொதுப் பணம் செலவாகும் இடத்தில், அந்தச் சிகிச்சையின் அடியில் இருக்கும் உடலைப் பற்றிய விளக்கம் எவ்வளவு உறுதியானது என்று கேட்பது மக்களின் உரிமை.

அந்த விளக்கத்தின் கொரிய வடிவம் அரசவை மருத்துவர் ஹோ ஜுன் தொகுத்த 'தோங்குய் போகாம்' நூலில் நிலைபெற்றது. ஜப்பானியப் படையெடுப்பில் நாடு சீரழிந்து கிடந்த 1596-இல் மன்னர் சோன்ஜோ இட்ட ஆணைப்படி தொடங்கிய இந்தத் தொகுப்பு 1610-இல் முடிந்து 1613-இல் அச்சானது, 25 தொகுதிகள். 2009-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. நூலின் தொடக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பிய ஓர் உடல். கையும் காலும் கிடையாது. தலையிலிருந்து முதுகுத்தண்டு இறங்குகிறது. நடுவில் உறுப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உடற்கூறு வரைபடமாகப் பார்த்தால் இது தவறுகள் நிறைந்த படம். ஆனால் நூலின் வரிசையைக் கவனித்தால் நோக்கம் புரியும். உயிர்ச்சத்து, உயிராற்றல், மனம், இந்த மூன்றும் முதலில் வருகின்றன. பிறகு ரத்தம், கனவு, குரல், உடல்நீர், சளி. உறுப்புகள் அதற்குப் பின்னால்தான். எது எங்கே இருக்கிறது என்பதைவிட எது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பதுதான் ஹோ ஜுனுக்கு முக்கியம்.

கீழை மருத்துவ மரபுக்கே இது தெரிந்திருந்தது. உடலின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளில் நீரையும் ஆற்றலையும் நடத்தும் 'சாம்சோ' என்ற மூன்றடுக்கு உறுப்பைப் பற்றிப் பழைய சீன நூல்களே 'பெயர் உண்டு, உருவம் இல்லை' என்று எழுதி வைத்தன. அதை வயிற்றுக்குள் தேடி யாரும் கத்தி எடுக்க வேண்டியதில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான். செயலைச் சொல்வதற்கு உறுப்பின் பெயர் ஒரு வசதி, அவ்வளவே. இதை ஏற்றுக்கொண்டிருந்தால் இருபதாம் நூற்றாண்டில் பல தவறான தேடல்களைத் தவிர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஏற்காமல் போனதற்கு அரசியல் காரணம் உண்டு. 1913-இல் ஜப்பானியக் காலனி அரசு மரபு மருத்துவர்களை 'உய்செங்' என்ற கீழ்த்தட்டுக்கு இறக்கியது. மேலை மருத்துவம் படித்தவர் மருத்துவர். இவர்கள் அவருக்குக் கீழே. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1951-இல், தற்காலிகத் தலைநகரான பூசானில் இயற்றப்பட்ட தேசிய மருத்துவச் சட்டம்தான் அவர்களுக்கு மீண்டும் முழு மருத்துவர் நிலையைக் கொடுத்தது. இரு மருத்துவங்கள், இரு உரிமங்கள் என்ற இன்றைய ஏற்பாடு அங்கிருந்து வருகிறது. 'உங்களுடையது அறிவியலே இல்லை' என்று தலைமுறைக் கணக்கில் கேட்டுப் பழகியவர்கள், 'இதோ, கண்ணால் பாருங்கள்' என்று ஒன்றைக் காட்டத் துடித்தது இயல்புதான்.

அப்படிக் காட்ட முனைந்தவர்களில் மிகத் தீவிரமானவர் வட கொரியாவின் கிம் போங்-ஹான். ஆற்றல் ஓடுவதாகச் சொல்லப்படும் நாளங்கள் உண்மையான குழாய்கள், அவற்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று 1961-இல் அறிவித்தார். 1965 வரை அறிக்கைகள் வந்தன. தோலிலும், ரத்தக் குழாய்களுக்கு உள்ளேயும், உறுப்புகளின் மேற்பரப்பிலும் மெல்லிய இழைகள் என்றார். அவற்றைப் பிற திசுக்களிலிருந்து பிரித்துக் காட்டும் சாய முறையை முழுமையாக வெளியிடவில்லை. மற்ற நாடுகளில் முயன்றவர்களுக்கு அது கைகூடவில்லை. அறுபதுகளின் நடுவில் அவருடைய ஆய்வகமும் மூடப்பட்டது, அவர் பெயரும் பதிவுகளிலிருந்து மறைந்தது. 2002 முதல் சியோல் தேசியப் பல்கலைக்கழக இயற்பியலாளர் சோ குவாங்-சப் அந்த இழைகளை மீண்டும் தேடினார். முயலிலும் எலியிலும் அவற்றைப் பார்த்ததாகப் பல கட்டுரைகள் வந்தன. 'பிரைமோ நாள அமைப்பு' என்ற புதுப்பெயரும் கிடைத்தது. உலக உடற்கூறியலாளர்கள் இன்றுவரை இதை ஏற்கவில்லை. ஒரு வாதத்துக்கு ஏற்றாலும்கூட, நுண்ணிய இழை ஒன்று இருக்கிறது என்பதிலிருந்து அதில் உயிராற்றல் ஓடுகிறது, காலில் குத்தினால் வயிறு சரியாகிறது என்பதற்கு நெடுந்தூரம்.

இரண்டாவது நிகழ்வு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஜோ ஜாங்-ஹீ சாதாரண ஆள் அல்ல. உடலுக்குள் நடக்கும் செயல்பாட்டைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் கருவியின் முன்னோடிகளில் ஒருவர். கால் சுண்டுவிரலின் ஓரத்தில் கண் நோய்க்கென்று மரபு சொல்லும் ஒரு புள்ளி இருக்கிறது. அங்கே ஊசியால் தூண்டும்போது மூளையில் பார்வைக்குரிய பகுதி செயல்படுகிறது, கண்ணில் ஒளியைப் பாய்ச்சினால் தெரிவது போலவே தெரிகிறது என்று 1998-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ படங்களோடு வந்த அந்தக் கட்டுரை மரபு மருத்துவ உலகைக் கொண்டாட வைத்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, தொடர்ந்து சோதித்துப் பார்த்த ஜோவும் உடன் எழுதியோர் பலரும் தங்கள் முடிவிலிருந்து விலகுவதாக அதே இதழில் அறிவித்தார்கள்: வலியைப் பொறுத்தவரையாவது, குறிப்பிட்ட புள்ளிக்குக் குறிப்பிட்ட விளைவு என்பது நிற்கவில்லை. முதல் கட்டுரை தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு 2006-இன் அறிவிப்பு தெரியும்? ஜோவின் இந்த நேர்மையைத்தான் கொரிய மரபு மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே சொல்லித்தர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தன் புகழ்பெற்ற முடிவைத் தானே சோதித்துக் கைவிடுகிற துணிவு எந்த மரபுக்கும் பெருமைதான்.

புள்ளிகளைப் பற்றி இன்னொரு செய்தி. உலகச் சுகாதார அமைப்பின் மேற்கு பசிபிக் அலுவலகம் 361 அக்குபஞ்சர் புள்ளிகளின் இடங்களைத் தரப்படுத்தி 2008-இல் வெளியிட்டது. கொரியா, சீனா, ஜப்பான் நிபுணர்கள் உட்கார்ந்தபோது 92 புள்ளிகளின் இடத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. பழைய நூல்களை ஒப்பிட்டு, பேசி, முடிவெடுத்தார்கள். ஆறு புள்ளிகளுக்கு மாற்று இடத்தையும் குறித்து வைத்தார்கள். மருத்துவர்கள் ஒரே மொழியில் பேச இது தேவை. ஆனால் எந்த இடத்தில் குத்தினால் நோயாளிக்குக் குணம் அதிகம் என்ற கேள்வி அந்த மேசைக்கு வரவே இல்லை.

ஜெர்மனியில் 1,162 முதுகுவலி நோயாளிகளை வைத்து நடந்து 2007-இல் வெளியான பெரிய ஆய்வு அந்தக் கேள்வியைக் கேட்டது. ஆறு மாதம் கழித்து, முறையான அக்குபஞ்சர் எடுத்தவர்களில் 47.6 சதவீதத்தினருக்குப் பலன். புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான மருந்தும் பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 சதவீதம். ஊசியால் முதுகுவலிக்காரர்களுக்கு நன்மை இருந்தது, அதுவும் கணிசமாக. அந்த நன்மைக்கு நாளக் கோட்பாடு சொல்லும் துல்லியமான இடம் அவசியம் என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை. எதிர்பார்ப்பு, தொடுதல், நரம்புத் தூண்டல், இவை எவ்வளவு எவ்வளவு என்று பிரிப்பதே இனி வேலை.

இப்படிச் சொன்னவுடன் 'அப்படியானால் இடமே முக்கியமில்லை' என்று முடிவுகட்டுபவர்களும் அவசரப்படுகிறார்கள். ஹார்வர்டில் மா சியுஃபு குழு 2021-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட எலி ஆய்வைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே 'ஜோக்சாம்னி' என்று கொரியர்கள் சொல்லும் புள்ளி, வயிற்றுக்கும் பொதுவான உடல்வலுவுக்கும் அன்றாடம் குத்தப்படும் இடம். அங்கே குறைந்த அளவு மின்னூட்டம் கொடுத்தபோது மூளையை உள்ளுறுப்புகளோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி தூண்டப்பட்டு, உடலெங்கும் பரவியிருந்த அழற்சி குறைந்தது. வயிற்றுப் பகுதிப் புள்ளியில் அதே மின்னூட்டம் கொடுத்தபோது இது நடக்கவில்லை. காரணத்தையும் கண்டுபிடித்தார்கள்: குறிப்பிட்ட ஒருவகை உணர்வு நரம்பணுக்களின் நுனிகள் பின்னங்காலின் ஆழத் திசுக்களில் இருக்கின்றன, வயிற்றுச் சுவரின் திசுக்களில் இல்லை. அந்த நரம்பணுக்களை அழித்த எலிகளில் காலில் குத்தியும் பயனில்லை. இடம் முக்கியம்தான். எந்த இடம், எவ்வளவு ஆழம், எவ்வளவு தூண்டல் என்பதை நரம்புகளின் பரவல் தீர்மானிக்கிறது. இது எலியில் கண்டது. மனிதர்களிடம் காட்ட வேண்டியது பாக்கி. ஆனாலும் ஒரு பழைய கூற்றை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரியை நான் பார்க்கவில்லை.

மூலிகைப் பக்கம் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது 'யுக்குன்ஜாதாங்' கஷாயம். ஜின்செங், அதிமதுரம், காய்ந்த ஆரஞ்சுத்தோல் உள்ளிட்டவை சேர்ந்த இதை, 'மண்ணீரலின் ஆற்றல் குறைந்தவர்'களுக்கு, அதாவது பசியில்லாமல் கொஞ்சம் தின்றாலே வயிறு நிரம்பி, சோர்ந்து கிடப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். நவீன உடலியங்கியலின் மண்ணீரல் பழைய சிவப்பணுக்களை அகற்றுகிறது. செரிமானத்தில் அதற்குப் பங்கில்லை. உறுப்பைத் தேடிப் போனால் கதை இங்கேயே முடிந்துவிடும். ஜப்பானில் இதே கஷாயத்தை ஆராய்ந்தவர்கள் செயலைத் தேடிப் போனார்கள். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து கொடுத்த எலிகளில் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் குறைகிறது. கஷாயம் அதை மீட்கிறது. ஆரஞ்சுத்தோலில் உள்ள ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரச் சேர்மங்கள், செரட்டோனின் என்ற செய்திக்கடத்தி ஒட்டும் ஏற்பிகளைத் தடுப்பதால் இது நிகழ்கிறது என்று 2008-இல் வெளியிட்டார்கள். 'மண்ணீரலின் ஆற்றல் குறைவு' என்று நூல் சொன்ன நிலையின் ஒரு பகுதியாவது பசி ஹார்மோனின் குறைவு என்று எண்ணிப் பார்க்க இப்போது வழி கிடைத்தது. கூற்றின் மற்ற பகுதிகள், உதாரணமாக மண்ணீரல் எண்ணங்களின் இருப்பிடம் என்பது, இதனால் நிரூபணமாகிவிடாது. பகுதி பகுதியாகத்தான் போக முடியும்.

விட வேண்டியவையும் உண்டு. நாடி பார்க்கும்போது மணிக்கட்டின் ரேடியல் தமனி மீது மூன்று விரல்களை வைத்து, இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்றும் வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், 'ம்யோங்முன்' எனும் உயிர்வாசல் என்றும் ஒவ்வொரு விரலடியிலும் ஓர் உறுப்பைப் படிக்கிறார்கள். மூன்று விரலும் தொடுவது ஒரே குழாயின் சில சென்டிமீட்டர் நீளத்தை. அதில் வரும் அழுத்த அலை இதயத்திலிருந்து புறப்பட்டு, எதிரே இருந்து திரும்பும் அலைகளோடு கலந்து, தமனியின் விறைப்பு, வயது, ரத்த அழுத்தம், அடியில் உள்ள எலும்பு, மேலே உள்ள கொழுப்பு ஆகியவற்றுக்கேற்ப மாறுகிறது. கல்லீரலின் செய்தி மட்டும் பிரிந்து நடுவிரலுக்கு வந்து சேர வழியில்லை. நம் சித்த மருத்துவரும் அதே தமனியில் அதே மூன்று விரல்களைத்தான் வைக்கிறார். அவர் அங்கே படிப்பது வாதம், பித்தம், கபம். ஒரே குழாய்க்கு இரண்டு மரபுகள் இரண்டு வரைபடங்கள் எழுதியிருக்கும்போது, இரண்டில் எதையும் சோதிக்காமல் பாடமாக வைத்திருப்பது சரியில்லை. அதே வேளையில் நாடி மேலோட்டமானதா ஆழமானதா, வேகமா மெதுவா, வலுவா நலிவா என்ற பழைய பகுப்புகளை அழுத்த உணரிகள் நன்றாகவே அளக்கின்றன. கொரியாவில் அப்படிப்பட்ட கருவிகள் பல உருவாகியுள்ளன. அவற்றை வைத்துக்கொள்ளலாம். உறுப்பு வரைபடத்தை மருத்துவ வரலாற்றுப் பாடத்துக்கு மாற்றிவிடலாம்.

எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் கொரியர்கள் அதிகம் நம்பிக்கை வைப்பது 'சாசாங்' எனும் உடல்வாகு மருத்துவத்தில். இது கொரியாவுக்கே உரியது. ஹாம்ஹங் ஊரைச் சேர்ந்த லீ ஜே-மா 1894-இல் எழுதி, 1900-இல் அவர் இறந்தபின் மாணவர்கள் அச்சிட்ட நூல் இதன் மூலம். மனிதர்கள் நான்கு வகை: தேயாங், சோயாங், தேஉம், சோஉம். நுரையீரலும் கல்லீரலும், மண்ணீரலும் சிறுநீரகமும் ஒன்றுக்கொன்று எப்படிப் பெரிதும் சிறிதுமாக அமைகின்றன என்பதே பிரிவின் அடிப்படை. பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் 5,000 பேர் தேஉம், 3,000 பேர் சோயாங், 2,000 பேர் சோஉம், தேயாங் விரல்விட்டு எண்ணும் அளவே என்று அவரே கணக்கும் சொன்னார். ஒருவருக்கு மருந்தாகும் மூலிகை இன்னொருவருக்குக் கேடாகலாம் என்பது அவரது முக்கியமான கருத்து. தனிநபருக்கேற்ற மருத்துவம் என்று இன்று மரபணு ஆய்வகங்கள் பேசுவதை ஒருவர் மருந்துச் சீட்டு எழுதும் அளவுக்கு அன்றே வகுத்துப் பார்த்திருக்கிறார்.

1994-இல் அரசு தொடங்கிய, தேஜான் நகரிலுள்ள கொரிய மரபு மருத்துவ ஆய்வு நிறுவனம் முகப்படம், உடல் அளவு, குரல், கேள்விப் பட்டியல் நான்கையும் சேர்த்துக் கணினி வழியே வகையைக் கணிக்கும் கருவியை உருவாக்கியது. மருத்துவரின் தனிக் கண்ணை மட்டும் நம்பியிருந்த ஒன்றை எண்ணுக்குக் கொண்டுவந்தது பெரிய வேலை. ஆனால் இதில் ஒரு சுழல் இருக்கிறது. தேஉம் வகையினருக்கு உடற்பருமன், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தேஉம் என்று ஒருவரை வகைப்படுத்துவதிலேயே பருத்த உடலும் அகன்ற இடுப்பும் கணக்கில் வருகின்றன. பருத்தவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவருக்குப் பருமன் நோய்கள் வருகின்றன என்றால் கண்டுபிடிப்பு எங்கே? எடையையும் இடுப்பளவையும் கழித்த பிறகும் வகை என்பது ஏதாவது கூடுதலாகச் சொல்கிறதா, முக்கியமாக, ஒரே மருந்து இரண்டு வகையினரிடம் வேறுவேறாக வேலை செய்கிறதா என்பதுதான் லீ ஜே-மாவின் உண்மையான கூற்று. அதைச் சோதிக்க இன்று வழிகள் உண்டு. ஜின்செங்கில் உள்ள ஆர்பி1 என்ற ஜின்செனோசைடு வகைச் சேர்மம் அப்படியே ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. குடல் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து 'காம்பவுண்ட் கே' ஆக்கிய பிறகே உடல் எடுத்துக்கொள்கிறது. சிலருடைய குடலில் இந்த மாற்றம் மளமளவென நடக்கிறது, சிலருடைய குடலில் நடப்பதே அரிது. 'அவருக்கு ஜின்செங் ஒத்துக்கொள்ளும், இவருக்கு ஒத்துக்கொள்ளாது' என்று வைத்தியர்கள் சொல்லி வந்ததன் ஒரு காரணம் இங்கே இருக்கலாம். நான்கு வகையினரின் குடலிலும் இந்த மாற்றம் வேறுபடுகிறதா என்று அளந்தால், வகைப்பாடு பிழைக்கும் அல்லது பாக்டீரியா அடிப்படையில் வேறொரு வகைப்பாடு பிறக்கும். எதுவானாலும் நோயாளிக்கு லாபம்.

இதற்கிடையில் நீதிமன்றங்கள் வேகமாக முன்னே போய்விட்டன. 2022 டிசம்பர் 22 அன்று, ஹானுய்சா அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பயன்படுத்துவது மருத்துவச் சட்டத்தை மீறியதாகாது என்று தென் கொரிய உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டு மூளை மின்னலைக் கருவிக்கும் அதேபோன்ற தீர்ப்பு. 2025 ஜனவரியில் எக்ஸ்-ரே வகை எலும்பு அடர்த்திக் கருவி வழக்கில் சுவோன் மாவட்ட நீதிமன்றம் மேல்முறையீட்டிலும் ஹானுய்சாவின் விடுதலையை உறுதிசெய்தது. மரபு மருத்துவர் சங்கம் மகிழ்ந்தது, மேலை மருத்துவர் சங்கம் கொதித்தது. எனக்குக் கவலை தருவது அல்ட்ராசவுண்ட் வழக்கின் உள்ளடக்கம். 2010 முதல் 2012 வரை ஒரே பெண்ணுக்கு 68 முறை ஸ்கேன் செய்தும் அவருடைய கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் தெரியாமல் போயிருக்கிறது. கருவியை வைத்துக்கொள்ளும் உரிமையை நீதிமன்றம் தரலாம். திரையில் தெரியும் கருப்பையை நவீன உடலியங்கியலின் கண்ணால் படிக்கிறோமா, 'ரத்தத் தேக்கம்' என்ற பழைய கண்ணால் படிக்கிறோமா, இரண்டும் முரண்பட்டால் எதற்கு முதலிடம் என்பதைக் கல்லூரிதான் சொல்லித்தர வேண்டும். உயிர் போகும் இடத்தில் திரையில் தெரியும் திசுவுக்கே முதலிடம் என்று பாடநூல் ஐயமறச் சொல்ல வேண்டும்.

2019-இல் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 நோய்ப் பட்டியலின் 26-ஆம் அத்தியாயம் கிழக்காசிய மரபு மருத்துவ நிலைகளுக்குக் குறியீடு கொடுத்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானிக்கான இரண்டாம் பிரிவு 2024 ஜனவரியில் புதுதில்லியில் வெளியானது. ஆகவே கொரியர்கள் இப்போது சந்திக்கும் கேள்வி தாம்பரத்திலுள்ள சித்த மருத்துவமனைக்கும் வரும். குறியீடு கிடைத்ததை அங்கீகாரம் என்று கொண்டாடுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: பட்டியலில் இருப்பது ஒரு சிகிச்சையின் பலனுக்குச் சான்றாகாது என்று உலகச் சுகாதார அமைப்பே சொல்லியிருக்கிறது. குறியீட்டின் பயன் வேறு. ஒரே நோயாளிக்கு மேலை நோய்ப்பெயரும் மரபு நிலையும் பக்கத்தில் பக்கத்தில் பதிவானால், தேசியக் காப்பீட்டின் கீழ் ஏறக்குறைய எல்லா மக்களையும் கொண்டிருக்கும் கொரியா போன்ற நாட்டில் சில ஆண்டுகளிலேயே லட்சக்கணக்கான பதிவுகள் சேரும். அவற்றை வைத்து முதலில் கேட்க வேண்டியது மூலக்கூறு, மரபணு எதுவும் இல்லை: ஒரே நோயாளியை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், இரண்டு ஹானுய்சாக்கள் தனித்தனியே சோதித்தால் இருவரும் ஒரே குறியீட்டை எழுதுகிறார்களா? எழுதுகிற நிலைகளுக்கு உடலியங்கியல் தேடலாம், பணம் செலவிடலாம். இருவருக்கு இரண்டாகத் தெரிகிற நிலைகளுக்கு ஆய்வகத்தில் எதைத் தேடுவது என்பதே முடிவாகாது. அவற்றின் வரையறையைத் திருத்தும் வேலைதான் முதலில் நடக்க வேண்டும்.